டெம்போ மேப்பை ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறது: யாரு ஒழுங்கா பண்றாங்க, யாரு படுத்துறாங்க

முடிவை முதல்லயே சொல்லிடறேன், மீதியை படிக்கிறவங்க படிங்க. மியூசிக் சாஃப்ட்வேர்களுக்கு நடுவுல டெம்போ மேப்பை, அதாவது பாட்டுல எந்த இடத்துல என்ன வேகம்ங்கற பட்டியலை, கொண்டு போறதுக்கு எத்தனையோ புது வழி வந்தாச்சு, ஆனா இன்னைக்கு தேதிக்கும் நம்பி அனுப்பக்கூடியது அந்த பழைய மிடி ஃபைல் தான், சத்தம் இல்லாம நோட்டையும் டெம்போவையும் மட்டும் எழுதி வைக்கிற ஃபைல். அதுக்காக அது ரொம்ப பிரமாதம்னு சொல்ல வரல. ஃபைல்ல பெருசா தப்பு இல்ல, அதை வாங்கிக்கிற சாஃப்ட்வேர் எப்படி வாங்கிக்குதுங்கறதுல தான் மொத்த கூத்தும் இருக்கு. அதனால இது ஃபார்மேட்டுக்கு மட்டும் ரிவ்யூ கிடையாது, ரீப்பர், ப்ரோ டூல்ஸ், லாஜிக், க்யூபேஸ், ஏபிள்டன் லைவ், இவங்க எல்லாம் இந்த ஒரு வேலையில எப்படிங்கறதையும் சேர்த்து தான் எழுதுறேன்.

பாட்டு முழுக்க ஒரே 120ல (நிமிஷத்துக்கு 120 பீட், அதாவது 120 பிபிஎம்) ஓடுதுன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு தேவையே இல்ல, நம்பரை டைப் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது. பிரச்சனை எப்ப வருதுன்னா, ட்ரம்மர் க்ளிக் (காதுல கேக்குற டிக் டிக் தாளம்) இல்லாம வாசிச்சதை வச்சு பார் பாரா (தாளத்தோட ஒவ்வொரு சுத்துக்கும்) மேப் போட்டிருப்பாங்க, இல்ல படத்துக்கு பேக்ரவுண்ட் ஸ்கோர், சீனுக்கு ஏத்த மாதிரி டெம்போ ஏறி இறங்கி நடுவுல ஒரு 7/8 தாளம் வேற வரும். இந்த மாதிரி ப்ராஜெக்ட்டை வெறும் ஸ்டெம்மா (ட்ரம்ஸ், வோக்கல்னு தனித்தனி ஆடியோ ஃபைலா) அனுப்பிட்டு "டெம்போ 94 கிட்ட இருக்கும்"னு ஒரு மெசேஜ் போடுறவங்க இருக்காங்க பாருங்க, பேரு வேண்டாம், அவங்களுக்கு ஒரு கும்பிடு. வாங்குறவர் அந்த பார், பீட் கோடுகளை (க்ரிட்) வச்சு ஸ்ட்ரிங்ஸ் எழுதணும், டிலே டைம் செட் பண்ணணும், கோரஸை காப்பி பண்ணி அடுத்த இடத்துல ஒட்டணும். 94 கிட்டன்னா எந்த பாருக்கு கிட்ட?

சரி, மிடி ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துடலாம், ஏன்னா பாதி சந்தேகம் இதுலயே தீந்துடும். அதுல டெம்போ பிபிஎம்மா எழுதியிருக்காது. ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு எத்தனை மைக்ரோசெகண்ட்னு ஒரு முழு எண்ணா எழுதியிருக்கும். 120ன்னா 5,00,000. 128ன்னா 4,68,750, இதுவும் கரெக்டா வகுபடுது. 97ன்னு வைங்க, 6,18,556.7ன்னு வரும், புள்ளி போட இடம் இல்லாததால 6,18,557ன்னு எழுதிடும். அதனால தான் இம்போர்ட் பண்ணதுக்கப்புறம் சில சாஃப்ட்வேர்ல 97க்கு பதிலா 96.99995ன்னு காட்டுது, அதை பாத்து நிறைய பேர் பதறிப்போய் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு திருப்பி கேக்குறாங்க. கெடல. நாலு நிமிஷ பாட்டுல கடைசி பீட் வரைக்கும் போனாலும் அது 0.12 மில்லிசெகண்ட் தான் தள்ளும், 48 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட ஆறு சாம்பிள். எந்த காதுக்கும் தெரியாது. கையால 97ன்னு திருத்துனாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா ஐநூறு டெம்போ ஈவென்ட் இருக்குற மேப்ல உக்காந்து திருத்திட்டு இருக்காதீங்க.

உண்மையான ஓட்டை வேற இடத்துல இருக்கு. மிடி ஃபைலுக்கு ராம்ப்னா என்னன்னே தெரியாது. "இங்க இருந்து இந்த டெம்போ"ன்னு மட்டும் தான் அதால சொல்ல முடியும், "இங்க இருந்து அங்க வரைக்கும் மெல்ல குறைச்சுக்கிட்டே போ"ன்னு சொல்ல அதுல வழியே கிடையாது. அதனால ஒரு ரிட்டார்டாண்டோ (மெல்ல வேகம் குறையுற இடம்) இருந்துச்சுன்னா அனுப்புற சாஃப்ட்வேர் அதை படிக்கட்டா வெட்டி தான் எழுதியாகணும், எவ்வளவு பொடிப்பொடியா வெட்டுதுங்கறது அந்தந்த சாஃப்ட்வேரோட இஷ்டம்.

இதை கணக்காவே காட்டுறேன். எட்டு பீட்ல 120ல இருந்து 100க்கு நேர்கோடா இறங்குற ஒரு ராம்ப். பீட்டை வச்சு நேர்கோடுன்னு எடுத்துக்கிட்டா அந்த எட்டு பீட்டும் 4.376 செகண்ட் ஓடும். டைமை வச்சு நேர்கோடுன்னு எடுத்துக்கிட்டா 4.364. ரெண்டுமே நேர்கோடு தான், ரெண்டுமே நியாயம் தான், ஆனா 12 மில்லிசெகண்ட் வித்தியாசம். இப்போ இதே ராம்ப்பை பீட்டுக்கு ஒரு படின்னு மொத்தையா வெட்டுனா, அதாவது முதல் பீட் 120, அடுத்தது 117.5, அடுத்தது 115ன்னு போனா, மொத்தம் 4.326 செகண்ட்ல முடிஞ்சுடும். ஒரிஜினலை விட 50 மில்லிசெகண்ட் முன்னாடி! ஒரு ஸ்நேர் இன்னொரு ஸ்நேருக்கு 50 மில்லிசெகண்ட் முன்னாடி வந்தா அது ஃப்ளாம் (ஒட்டி விழுந்து ஒண்ணா கேக்குற ரெண்டு அடி) கூட இல்ல, தனித்தனி ரெண்டு அடி. இதுல கொடுமை என்னன்னா ராம்ப் முடிஞ்ச உடனே இது சரியாகிடாது, அதுக்கப்புறம் பாட்டு முழுக்க அந்த 50 அப்படியே கூடவே வரும், இன்னும் ரெண்டு ராம்ப் இதே மாதிரி இருந்தா அதுவும் சேந்துக்கும்.

இந்த இடத்துல தான் ப்ரோ டூல்ஸும் லாஜிக்கும் தப்பிச்சுக்குறாங்க, அது கொஞ்சம் வேடிக்கையாவும் இருக்கு. ப்ரோ டூல்ஸ்ல டெம்போ ஆபரேஷன்ஸ் விண்டோவுல லீனியர், பாரபாலிக், எஸ் கர்வ்னு எதை போட்டாலும் உள்ள அது படிக்கட்டா தான் எழுதுது, எவ்வளவு நெருக்கமா படி வேணும்னு டென்சிட்டி செட்டிங் இருக்கு. லாஜிக்ல டெம்போ கர்வ் போட்டாலும் அதே கதை. ஸ்க்ரீன்ல வளைவு மாதிரி தெரிஞ்சாலும் காதுக்கு வர்றது படி தான், அதனால மிடிக்கு போகும்போது இழக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல, படி படியாவே போயிடும். க்யூபேஸ், ரீப்பர், லைவ் இந்த மூணுலயும் டெம்போ நிஜமாவே சரிவா ஓடும், கேக்க அழகா இருக்கும், வெளிய அனுப்பும்போது தான் வில்லங்கம். கணக்குல சுத்தமா இருக்குறவங்களுக்கு தான் வெளியூர் பயணத்துல கஷ்டம்.

இனி ஒவ்வொருத்தரா வரேன்.

ரீப்பர். இந்த ஒரு வேலைக்கு என்னோட ஓட்டு இதுக்கு தான். ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் மிடின்னு இருக்கு, அதுல டெம்போ மேப்பை உள்ள வைக்கணுமா, மார்க்கரை வைக்கணுமான்னு தனித்தனி டிக் இருக்கு, என்ன போகுதுன்னு உங்களுக்கு தெரியும். திருப்பி மிடி ஃபைலை இழுத்து போட்டா, இதுல டெம்போ மேப் இருக்கு, ப்ராஜெக்ட்டுக்குள்ள எடுத்துக்கட்டுமான்னு கேக்கும். கேக்குது பாருங்க, அது தான் எனக்கு புடிச்சது! இன்னொரு விஷயம், ரீப்பரோட ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். நோட்பேட்ல தொறந்து டெம்போஎன்வ்எக்ஸ்னு ஆரம்பிக்குற பகுதியை தேடுனீங்கன்னா மொத்த மேப்பும் வரிவரியா அங்கயே இருக்கும், டைம், பிபிஎம், அது சரிவா படியான்னு ஒரு நம்பர். ரெண்டு ரீப்பர் ப்ராஜெக்ட்டுக்கு நடுவுலன்னா அந்த பகுதியை காப்பி பண்ணி மத்த ஃபைல்ல ஒட்டுனா ராம்ப் உட்பட ஒரு துளி மாறாம வந்துடும். பேக்கப் எடுத்துட்டு பண்ணுங்க, சொல்ல தேவையில்ல.

ஆனா ரீப்பர்ல டைம்பேஸை (ஆடியோ பீட்டை புடிச்சுக்கணுமா, நேரத்தை புடிச்சுக்கணுமாங்கற செட்டிங்) கவனிக்கலன்னா அசிங்கப்படணும். ப்ராஜெக்ட்ல ஏற்கனவே ஆடியோ போட்டு வச்சிருக்கீங்க, டைம்பேஸ் பீட்ஸ்ல இருக்கு, அப்போ டெம்போ மேப் உள்ள வந்த உடனே ஆடியோ எல்லாம் அந்த பீட்டை புடிச்சுக்கிட்டு நகரும், பொசிஷன், லெங்த், ரேட்னு மூணும் சேந்த மோட்ல இருந்தா இழுபடவும் செய்யும். முதல்ல டைம்பேஸை டைம்னு மாத்தி வச்சுட்டு மேப்பை உள்ள விடுங்க, க்ரிட் மட்டும் நகரும், ஆடியோ இருந்த இடத்துலயே இருக்கும்.

இது ரீப்பருக்கு மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் இதே கேள்வி தான்: மேப் மாறும்போது ஆடியோ யார் பின்னாடி போகுது, கடிகாரத்து பின்னாடியா பார் நம்பர் பின்னாடியா? ப்ரோ டூல்ஸ்ல ஆடியோ ட்ராக் சாம்பிள் பேஸ்டா (நேரத்தை வச்சு) தான் வரும், அதனால அது அசையாது, மிடி ட்ராக் டிக் பேஸ்ட் (பீட்டை வச்சு), அது மேப் கூட போகும். யோசிச்சு வச்ச டீஃபால்ட். க்யூபேஸ்ல ஒவ்வொரு ட்ராக்லயும் மியூசிக்கல், லீனியர்னு மாத்துற பட்டன் இருக்கு, லீனியர்ல வைங்க. லாஜிக்ல ஆடியோ ரீஜனை (ட்ராக்ல இருக்குற ஆடியோ துண்டு) செலக்ட் பண்ணி எஸ்எம்பிடிஇ பொசிஷனை (கடிகார நேரப்படி அது இருக்குற இடம்) லாக் பண்ணிட்டு தான் டெம்போ மேல கை வைக்கணும், இதை பண்ணாம மேப்பை உள்ள விட்டா ஒவ்வொரு ரீஜனும் பார் நம்பரை புடிச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போயிடும், ஒரே நீள ஸ்டெம்னா பரவாயில்ல, முதல் பார்ல உக்காந்திருக்கும், துண்டு துண்டா கட் பண்ண வோக்கல்னா தான் அழுகை.

ப்ரோ டூல்ஸ் விட்டு ப்ரோ டூல்ஸுக்குன்னா மிடியே வேண்டாம். இம்போர்ட் செஷன் டேட்டாவுல டெம்போ மீட்டர் மேப்புக்கு தனியா டிக் இருக்கு, ட்ராக் எதையும் எடுக்காம அதை மட்டும் எடுக்கலாம், டைம் சிக்னேச்சரும் கூடவே வந்துடும். வருஷக்கணக்கா இருக்குற வசதி, அலட்டல் இல்லாம வேலை செய்யுது, இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

லாஜிக்ல மிடி ஃபைலை உள்ள கொண்டு வந்தா டெம்போவும் வேணுமான்னு கேக்கும், வேணும்னா சரி. வெளிய அனுப்புறதுல தான் சின்ன சடங்கு இருக்கு. அங்க செலக்ட் பண்ண மிடி ரீஜனை தான் மிடி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ண முடியும், டெம்போவை மட்டும் தனியா மிடியா அனுப்புன்னு சொல்ல ஒரு பட்டன் வச்சிருக்கலாம். அதனால ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்ட்ருமென்ட் ட்ராக் போட்டு முதல் பார்ல இருந்து கடைசி பார் வரைக்கும் ஒரு வெத்து ரீஜன் உண்டாக்கி, முதல்லயும் கடைசியிலயும் ஒரு நோட் வச்சு அதை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. முதல் பார்ல இருந்து ஆரம்பிக்கிறது முக்கியம். லாஜிக் விட்டு லாஜிக்குன்னா இந்த சடங்கு தேவையில்ல, ஆல் ஃபைல்ஸ் ப்ரௌசர்ல பழைய ப்ராஜெக்ட்டை தொறந்து க்ளோபல் விஷயங்கள்ல டெம்போவை டிக் பண்ணி எடுத்துக்கலாம். 2018ல 10.4 வெர்ஷன்ல வந்த ஸ்மார்ட் டெம்போ இருக்கே, கீப், அடாப்ட், ஆட்டோன்னு மூணு மோட், அதை பத்தி ஒரு எச்சரிக்கை: வேற ஒருத்தர் குடுத்த மேப் கையில இருக்கும்போது மோடை கீப்ல வச்சுக்கோங்க. அடாப்ட்ல விட்டா நீங்க உள்ள போடுற ஆடியோவை அதுவே அலசி அதுக்கு தோணுன டெம்போவை எழுதிடும். மேப் இல்லாதவங்களுக்கு அது வரம், இருக்கிறவங்களுக்கு தொல்லை.

க்யூபேஸ்ல டெம்போ ட்ராக்கை தனி ஃபைலாவே எக்ஸ்போர்ட் பண்ணலாம், டைம் சிக்னேச்சரும் அதுலயே வரும், ராம்ப் ராம்ப்பாவே போகும். யோசனை அருமை. ஆனா அந்த ஃபைல் க்யூபேஸ், நியூவெண்டோ குடும்பத்துக்குள்ள மட்டும் தான் செல்லும், லாஜிக் வச்சிருக்கிறவருக்கு அனுப்புனா அவர் அதை வச்சு என்ன பண்ணுவார்? இம்போர்ட் பண்ணும்போது இருக்குற மேப்பை மொத்தமா தூக்கிட்டு புதுசை போட்டுடும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. வெளி ஆளுக்கு அனுப்பும்போது ராம்ப்பை எல்லாம் நீங்களே கையால எட்டுல ஒரு நோட்டுக்கு ஒரு படின்னு ஜம்ப்பா மாத்தி, அந்த படி மேப்லயே கேட்டு ஓகே பண்ணிட்டு, அப்புறம் மிடியா அனுப்புறது தான் நிம்மதி. அப்போ அனுப்புறவர் கேட்டதும் வாங்குறவர் கேக்குறதும் ஒண்ணு. ரீப்பருக்கும் இதே வைத்தியம்.

ஏபிள்டன் லைவ் தனி ஜாதி. அங்க டெம்போங்கறது மெயின் ட்ராக்ல ஒரு ஆட்டோமேஷன், வால்யூம் மாதிரி அதுவும் ஒரு கோடு. உள்ள வர்றது பிரச்சனை இல்ல, அரேஞ்ச்மென்ட்ல மிடி ஃபைலை போட்டா டெம்போவும் டைம் சிக்னேச்சரும் எடுத்துக்கட்டுமான்னு கேக்கும். வெளிய போறது தான் முட்டுச்சந்து: மிடி க்ளிப்பை எக்ஸ்போர்ட் பண்ணா அந்த க்ளிப்போட நோட்ஸ் வரும், பாட்டோட டெம்போ கோடு வரும்னு எதிர்பாக்காதீங்க. லைவ் பயன்படுத்துறவங்க கிட்ட மேப் கேட்டா க்ளிக்கை வேவ் ஃபைலா ப்ரின்ட் பண்ணி (ஆடியோவா பதிஞ்சு) தான் வாங்கணும், அதை வச்சு இந்த பக்கம் மேப்பை திருப்பி போடணும். ஆடியோல இருந்து மேப் எடுக்குறதுல லைவ் கெட்டி தான், வார்ப் பண்ண (பீட்டுக்கு ஏத்த மாதிரி இழுத்து வச்ச) ஒரு ஆடியோ க்ளிப்பை லீடர்னு வச்சா மொத்த அரேஞ்ச்மென்ட் டெம்போவும் அது பின்னாடி ஓடும். யாராவது உங்களுக்கு வெறும் க்ளிக் ட்ராக் மட்டும் அனுப்பி மிடி அனுப்பலன்னா இது உயிரை காப்பாத்தும். ஆனா ஸ்டெம்மை உள்ள போடுறதுக்கு முன்னாடி ப்ரிஃபரன்ஸ்ல நீளமான சாம்பிளை தானா வார்ப் பண்ற ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பியானோ ஸ்டெம்மை அதுவா ஒரு டெம்போ ஊகிச்சு இழுத்து வச்சிருக்கும்.

சாஃப்ட்வேர்களுக்கு நடுவுல ஆடியோ செஷனை மாத்த ஏஏஎஃப்னு ஒரு ஃபைல் இருக்கே, அதை அனுப்புனா டெம்போ வந்துடும்ல? வராது. அது ஆடியோ துண்டுகள் எந்த நேரத்துல உக்காரணும், ஃபேடு, வால்யூம், இதுக்காக பொறந்தது. ஏஏஎஃப் கூட ஒரு மிடி ஃபைலையும் வைங்க.

எதிர்பார்ப்பு வைக்கக்கூடிய ஒரே ஆள் டாப்ராஜெக்ட் (DAWproject). 2023ல பிட்விக்கும் ப்ரிசோனஸும் சேந்து கொண்டு வந்த திறந்த ஃபார்மேட், உள்ள பாத்தா ஒரு ஜிப், அதுக்குள்ள எக்ஸ்எம்எல். பிட்விக், ஸ்டூடியோ ஒன் ரெண்டுலயும் அப்பவே வந்துடுச்சு, 2024ல வந்த க்யூபேஸ் 14லயும் சேத்துட்டாங்க. இதுல டெம்போ ஆட்டோமேஷனாவே போகுது, அதாவது இந்த புள்ளியில இருந்து அடுத்த புள்ளிக்கு சரிவுன்னு சொல்ல முடியும், மிடியால முடியாத அந்த ஒரு விஷயம். ட்ராக், ஆடியோ, ப்ளக்இன் செட்டிங் எல்லாம் சேந்து போறதால மேப் மட்டும் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் ஓவர், ஒரு ஆணியை அனுப்ப லாரி புக் பண்ற மாதிரி. இருந்தாலும் ரெண்டு பக்கமும் இதை தொறக்குற சாஃப்ட்வேர் இருந்துச்சுன்னா தாராளமா இதுல போங்க. ப்ரோ டூல்ஸ், லாஜிக், லைவ் மூணுலயும் இது சகஜமாகுற வரைக்கும் மிடிக்கு ரிட்டையர்மென்ட் கிடையாது.

எந்த வழியில போனாலும் மாட்டுற ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு. ஒண்ணு, ஆரம்பம். மிடி ஃபைல்ல பூஜ்யம்னா பூஜ்யம், அதுக்கு முன்னாடி எதுவும் கிடையாது. உங்க ப்ராஜெக்ட்ல முதல் பாருக்கு முன்னாடி ரெண்டு பார் கவுன்ட்இன் (பாட்டு தொடங்க எண்ணுறது) மைனஸ்ல இருந்துச்சுன்னா, இல்ல படத்து வேலைன்னு டைம்கோட் ஒரு மணில ஆரம்பிக்குதுன்னா, வாங்குறவருக்கு அது எதுவும் தெரியாது. கவுன்ட்இன்னை முதல் பார்லயே ஆரம்பிச்சுடுங்க, பாட்டு மூணாவது பார்ல தொடங்கட்டும், ஸ்டெம் எல்லாம் அதே பூஜ்யத்துல இருந்து பவுன்ஸ் பண்ணுங்க (ஆடியோ ஃபைலா எடுங்க). ரெண்டாவது 6/8. சில சாஃப்ட்வேர்ல டாட்டட் குவார்ட்டரை (ஒண்ணரை குவார்ட்டர் நோட்) பீட்டா வச்சு 80ன்னு காட்டும், மிடி ஃபைலுக்கு குவார்ட்டர் நோட் மட்டும் தான் தெரியும், அதுல 120ன்னு இருக்கும். ரெண்டும் ஒரே வேகம் தான், நம்பரை பாத்து யாரும் ஃபோன்ல சண்டை போட வேண்டாம்.

அனுப்பும்போது மிடி ஃபைல் கூட பூஜ்யத்துல இருந்து ப்ரின்ட் பண்ண க்ளிக் வேவ் ஒண்ணை கண்டிப்பா வைங்க. வாங்குனவர் மேப்பை உள்ள விட்டுட்டு, தன்னோட சாஃப்ட்வேர் க்ளிக்கையும் ஒரு ட்ராக்ல ப்ரின்ட் பண்ணி, ரெண்டையும் கீழ கீழ வச்சு கடைசி பாருக்கு போய் ஜூம் பண்ணி பாக்கணும், முதல் பாரை பாத்துட்டு சரியா இருக்குன்னு விட்டுடக்கூடாது. ரெண்டு க்ளிக்கும் ஒண்ணா இருந்தா வேலையை ஆரம்பிக்கலாம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே அளவு தள்ளி இருந்தா ஆரம்பப் புள்ளி தப்பு, ஸ்டெம்மை நகர்த்துனா முடிஞ்சுது. பாதி பாட்டு வரைக்கும் ஒண்ணா வந்துட்டு ஒரு இடத்துல இருந்து தள்ள ஆரம்பிச்சா அந்த இடத்துல ஒரு ராம்ப் இருக்கும், போய் பாருங்க. முதல் பீட்ல இருந்தே சீரா விலகிக்கிட்டே போய், நாலு நிமிஷ பாட்டு 4 நிமிஷம் 21 செகண்ட் ஓடுதுன்னா டெம்போ மேப்பை திட்டாதீங்க, 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை 44.1ல ஓட விட்டிருக்கீங்க, பாடுறவர் குரலும் தடிச்சிருக்கும்.